கெமிக்கல் வேலை ஒரு பக்கம், மூலிகை கேப்ஸ்யூல் ஒரு பக்கம்: லிவர் தப்பிக்குமா?

எனக்கு வந்த லெட்டர் ரொம்ப நீளம். ஆளை அடையாளம் காட்டுற விஷயம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கி தர்றேன்.

எழுதினவருக்கு வயசு 36. துணி மேல பாலியூரித்தேன் பூச்சு ஏத்தி செயற்கை தோல் பண்ற ஃபேக்டரில வேலை. முன்னாடி பேக்கிங்ல இருந்தவரை போன வருஷம் மிக்சிங் செக்ஷனுக்கு மாத்தியிருக்காங்க, அங்க டிரம் டிரம்மா வர்ற சால்வென்ட்டோட பேர் டிஎம்எஃப், முழுப்பேர் டைமெத்தில்ஃபார்மமைடு. மாறறதுக்கு முன்னாடி எடுத்த ரத்த டெஸ்ட்ல எஸ்ஜிபிடி, அதாவது லிவர் செல் சேதமானா ரத்தத்துல ஏறற என்சைம், 44. மாறி அஞ்சு மாசத்துல 98. பயந்துட்டார். நெட்ல தேடி, கார்பன் டெட்ராகுளோரைடு குடுத்த எலிகளோட லிவரை ஒரு செடி சாறு காப்பாத்துச்சுன்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை படிச்சு, அதுலேர்ந்து மூணு கேப்ஸ்யூல் ஆரம்பிச்சுட்டார்: மில்க் திசில் விதைலேர்ந்து எடுக்கற சிலிமாரின், மிளகோட பைப்பரின் சேர்த்த குர்குமின், அப்புறம் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட். நாலு மாசமா தவறாம போடறார். போன வாரம் எடுத்த டெஸ்ட்ல எஸ்ஜிபிடி 152, மஞ்சள் காமாலைல ஏறற பிலிருபின் நார்மல், ஸ்கேன்ல கிரேட் 1 ஃபேட்டி லிவர்.

கேக்கறது மூணு கேள்வி. இருக்கறதுலயே பவர்ஃபுல் ஆன்டிஆக்ஸிடன்ட் எது, டோஸை ஏத்தலாமா? கேப்ஸ்யூல் போடலைன்னா இந்த 152 இந்நேரம் 300 ஆகியிருக்கும்தானே? மிக்சிங்ல இருந்தா தனி அலவன்ஸ் வருது, அதனால கேப்ஸ்யூல் பாதுகாப்போட அங்கயே தொடரலாமா, கம்பெனில சொன்னா வேலை போயிடுமோ? இதுக்கு நடுவுல போற போக்குல ரெண்டு விஷயம் எழுதியிருக்கார். ஷிஃப்ட் முடிஞ்சா தினமும் தலைவலி, ரெண்டு பாராசிட்டமால் போடறேன். முன்னாடி பீர் குடிச்சா ஒண்ணும் ஆகாது, இப்ப அரை கிளாஸ்லயே முகம் குங்குமமா செவந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது, கேப்ஸ்யூல் உடம்பை சுத்தம் பண்ணிடுச்சு போல, அதான் மது ஒத்துக்கலைன்னு நினைக்கறேன்.

இனிமே உங்ககிட்டயே நேரா பேசறேன்.

நீங்க சும்மா இல்லாம டெஸ்ட் எடுத்தீங்க, நம்பரை எல்லாம் தேதியோட எழுதி வெச்சீங்க, அது பெரிய விஷயம். அந்த தேதிகள் இருந்ததாலதான் என்னால இவ்வளவு சொல்ல முடியுது. ஆனா நீங்க முக்கியம்னு நினைச்சு பக்கம் பக்கமா எழுதினது கேப்ஸ்யூல் பத்தி, எனக்கு முக்கியமா பட்டது நீங்க ரெண்டு வரில முடிச்ச அந்த பீர் விஷயம். அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

முகம் செவக்கறது சுத்தமானதுக்கு அடையாளம் இல்ல

டிஎம்எஃப் உடம்புக்குள்ள போனா மதுவை உடைக்கற வேலைல ஒரு கட்டத்தை தடுத்துடும். மது முதல்ல அசிட்டால்டிஹைடா மாறும், அதை அடுத்த என்சைம் சீக்கிரமா தீர்த்துக் கட்டணும், டிஎம்எஃப் உடைஞ்சு வர்ற பொருள் அந்த என்சைமை முடக்கிடுது. அசிட்டால்டிஹைடு ரத்தத்துல சேரும், முகம் செவக்கும், படபடப்பு வரும், சிலருக்கு வாந்தி. குடியை நிறுத்தறதுக்கு டாக்டர்கள் குடுக்கற டைசல்ஃபிராம் மாத்திரையும் இதே என்சைமைத்தான் அடைக்குது. டிஎம்எஃப் தொழிலாளர்கள்கிட்ட இந்த முகச்சிவப்பு பல வருஷமா மருத்துவப் பதிவுகள்ல இருக்கற விஷயம், வேலைக்குப் போகாத அடுத்த நாள் குடிச்சாகூட வரலாம்.

இதுக்கு என்ன அர்த்தம்னா, உங்க முகமே ஒரு மீட்டர் மாதிரி காட்டிக் குடுத்துடுச்சு, சால்வென்ட் உங்களுக்குள்ள போய்க்கிட்டு இருக்கு, அதுவும் ஒரு என்சைமை முடக்கற அளவுக்கு. சிவப்பு எப்ப ஆரம்பிச்சதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, மிக்சிங் போன ரெண்டாவது மாசம், கேப்ஸ்யூல் ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி. அப்ப கேப்ஸ்யூல் எப்படி காரணமாகும்? ஷிஃப்ட் முடிவுல வர்ற தலைவலியும் ஆவியை சுவாசிக்கறதோட சேர்ந்து போற அறிகுறிதான். புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் சில மாசத்துலயே லிவர் என்சைம் ஏறறது டிஎம்எஃப் விஷயத்துல திரும்பத் திரும்ப பதிவாகியிருக்கு, உங்க 44லேர்ந்து 98 கதையும் அதோட அப்படியே பொருந்துது.

இப்ப மாஸ்க் பத்தி. துணி மாஸ்க் போடறேன், நைட்ரைல் கிளவுஸ் போடறேன்னு எழுதியிருக்கீங்க. துணியோ தூசி மாஸ்க்கோ ஆவியை நிறுத்தாது, அதுக்கு வாசனை கூட குறையாது. டிஎம்எஃப் தோல் வழியா சுலபமா உள்ள போகற பொருள், நைட்ரைல், லேட்டக்ஸ் ரெண்டுமே அதுக்கு எதிரா மோசமான கிளவுஸ், ஊடுருவி வந்துடும், வெளிய பார்க்க கிழியாம நல்லாத்தான் இருக்கும். பியூட்டைல் ரப்பர் கிளவுஸ்தான் தாங்கும். கிளவுஸ் போட்டிருக்கோம்ங்கற தைரியத்துல கையை நேரா சால்வென்ட்ல நனைக்கறவங்க நிலைமை வெறும் கையோட ஜாக்கிரதையா இருக்கறவங்களைவிட மோசமா போக வாய்ப்பிருக்கு, உள்ள புகுந்தது வெளிய ஆவியாக வழியில்லாம தோலோட ஒட்டிக்கிட்டே இருக்கும்.

எலி பிழைச்சது நிஜம்தான்

நீங்க படிச்ச கட்டுரை பொய்யில்ல. அந்த மாதிரி கட்டுரைகள் ஏராளமா இருக்கு, எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. எலிக்கு சில நாள் செடி சாறு குடுக்கறாங்க, அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடு குடுக்கறாங்க, அடுத்த நாள் ரத்தம் எடுத்து பார்த்தா சாறு குடிச்ச எலிக்கு என்சைம் கம்மியா ஏறியிருக்கு. இதை நம்ம வாழ்க்கைக்கு கொண்டு வர்றப்பதான் சிக்கல்.

கார்பன் டெட்ராகுளோரைடு ஒரு காலத்துல டிரை கிளீனிங்லயும் தீயணைப்பு கருவிலயும் இருந்தது, விஷம்னு தெரிஞ்சதும் பொதுப் பயன்பாட்டுலேர்ந்து ஒதுக்கிட்டாங்க. லேப்ல இன்னும் ஏன் வெச்சிருக்காங்கன்னா அது லிவரை கெடுக்கற விதம் ரொம்ப ஒழுங்கானது. லிவர் செல்லுக்குள்ள சைப் 2ஈ1னு ஒரு என்சைம் இருக்கு, அது கார்பன் டெட்ராகுளோரைடை உடைச்சு ஒரு ஃப்ரீ ராடிக்கலா, அதாவது பக்கத்துல இருக்கறதை எல்லாம் தாக்கற நிலையில்லாத மூலக்கூறா மாத்துது, அந்த ராடிக்கல் ஆக்ஸிஜனோட சேர்ந்து இன்னும் வெறி புடிச்சு செல்லோட கொழுப்பு சவ்வை தொடர்ச்சியா எரிச்சுக்கிட்டே போகுது. முழுக்க முழுக்க ராடிக்கல் சேதம். அதனால ராடிக்கலைப் பிடிச்சு அடக்கற ஆன்டிஆக்ஸிடன்ட் எதை குடுத்தாலும் கொஞ்சம் பலன் தெரியறதுக்கு இதைவிட சாதகமான விஷம் கிடைக்காது. அதுலயும் சில சாறுகள் ராடிக்கலை பிடிக்கறதே இல்ல, அந்த சைப் 2ஈ1 என்சைமையே அடக்கிடுது, விஷம் விஷமா மாறாமலே போயிடுது, பார்க்கறவங்களுக்கு செடி காப்பாத்தின மாதிரி தெரியும்.

உங்க டிரம்ல இருக்கறது அது இல்ல. டிஎம்எஃபையும் சைப் 2ஈ1தான் உடைக்குது, ஆனா அதுலேர்ந்து வர்ற ஆபத்தான பொருள் புரதத்தோடயும், லிவர் செல்லோட சொந்த பாதுகாப்புப் பொருளான குளுட்டாதயோனோடயும் நேரா போய் ஒட்டிக்கற ரகம். ராடிக்கலைப் பிடிக்கற மாத்திரைக்கு அங்க பெருசா வேலை கிடையாது. "கெமிக்கல் டேமேஜ்"னு ஒரே வார்த்தைல சொல்லிடறோம், உள்ள நடக்கறது ஒவ்வொரு கெமிக்கலுக்கும் வேற.

அடுத்தது அளவு. எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு குடுக்கறது இந்த ஆராய்ச்சிகள்ல சகஜம். எலி டோஸை மனுஷ டோஸா மாத்த வழக்கமா சுமார் 6ஆல வகுப்பாங்க, அப்படி பார்த்தா 70 கிலோ ஆளுக்கு தினமும் நாலரை கிராமுக்கு மேல எக்ஸ்ட்ராக்ட் வரும். எலிக்கு அது சில நாள். நீங்க வருஷக்கணக்குல போடறதா பேசறீங்க.

எனக்கு இதுல வேடிக்கையா படற ஒண்ணு இருக்கு. இந்த எலி ஆராய்ச்சிகள்ல புது செடியை எதோட ஒப்பிடறாங்க தெரியுமா, பெரும்பாலும் சிலிமாரினோட. "சிலிமாரினுக்கு சமமா வேலை செய்யுது"ன்னு சந்தோஷமா முடிப்பாங்க. அந்த சிலிமாரினை மனுஷங்ககிட்ட ஒழுங்கா சோதிச்சப்ப என்ன ஆச்சு? ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேர்கிட்ட வழக்கத்தைவிட அதிகமான டோஸ்ல, 420 மற்றும் 700 மில்லிகிராம் தினம் மூணு வேளைன்னு 24 வாரம் குடுத்து பார்த்த ஆய்வு 2012ல வெளிவந்தது, எஸ்ஜிபிடி இறங்கினதுல டம்மி மாத்திரைக்கும் இதுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. அது வைரஸ் நோய், உங்களுது கெமிக்கல், அதை ஒத்துக்கறேன். ஆனாலும் அளவுகோலா வெச்சிருக்கற பொருளே மனுஷன்கிட்ட இப்படின்னா அதுக்கு சமமானது என்ன செய்யும்னு யோசிங்க.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். சிலிமாரின்ல இருக்கற சிலிபினினை ஊசி வழியா அமானிட்டா வகை விஷக் காளானை சாப்பிட்டவங்களுக்கு ஐரோப்பால குடுக்கறாங்க. அங்க அது பெரும்பாலும் வேலை செய்யறது ஆன்டிஆக்ஸிடன்ட்டா இல்ல, காளான் விஷம் லிவர் செல்லுக்குள்ள நுழையற கதவை அடைக்குது. வாய் வழியா போடற கேப்ஸ்யூல்ல அந்த அளவு ரத்தத்துல ஏறாது, சிலிபினின் தண்ணில சரியா கரையாத பொருள், போனதையும் லிவரே சீக்கிரம் மாத்தி வெளிய தள்ளிடும்.

"பவர்ஃபுல்" ஆன்டிஆக்ஸிடன்ட்னு ஒண்ணு இல்ல

எந்த செடில ஆன்டிஆக்ஸிடன்ட் நம்பர் அதிகம்னு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தீங்க. அந்த நம்பர் எல்லாம் டெஸ்ட் டியூப்ல எடுத்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையே அந்த மாதிரி ஒரு பெரிய பட்டியலை வெச்சிருந்தது, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்கு தப்பா உபயோகிக்கறாங்க, உடம்புக்குள்ள நடக்கறதை அந்த நம்பர் சொல்றதில்லைன்னு 2012ல எடுத்துட்டாங்க.

உங்க லிவர் செல்லுக்கு தனக்குன்னு சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு, குளுட்டாதயோன். செல்லுக்குள்ள அது மில்லிமோல் அளவுல கிடக்கு. நீங்க விழுங்கற குர்குமினும், கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்ல இருக்கற கேட்டசினும் ரத்தத்துல ஏறறது பெரும்பாலும் மைக்ரோமோல் அளவுல இல்ல அதுக்கும் கீழ, அதாவது ஆயிரத்துல ஒரு பங்கோ அதுக்கும் குறைவோ. ராடிக்கல் பொறக்கறது செல்லுக்குள்ள என்சைமுக்கு ஒட்டின இடத்துல, பொறந்த வேகத்துலயே பக்கத்துல இருக்கறதை கடிச்சுடும். இவ்வளவு நீர்த்துப்போன பொருள் அங்க போய் குறுக்க நிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

லிவர் விஷத்துல நிஜமாவே நிரூபணமான ஒரு மருந்து இருக்கு, என்-அசிட்டைல்சிஸ்டீன். பாராசிட்டமால் ஓவர்டோஸ் ஆனவங்களுக்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள்ள குடுத்தா லிவர் கிட்டத்தட்ட எப்பவும் தப்பிச்சுடும். அது செடிலேர்ந்து வந்தது இல்ல, செல் தன்னோட குளுட்டாதயோனை திரும்ப தயாரிச்சுக்க கச்சாப்பொருள் குடுக்குது, அவ்வளவுதான். உடனே அதை வாங்கி தினமும் போட்டுக்கிட்டு மிக்சிங் போகலாமான்னு கேப்பீங்க, தெரியும். வேண்டாம். நடந்துபோன ஒரு விபத்துக்கு மணிக்கணக்கு பார்த்து ஆஸ்பத்திரில குடுக்கற மருந்து அது. வருஷம் முழுக்க விஷத்தை உள்ள இழுத்துக்கிட்டே கூடவே போடறதுக்கு உண்டானது இல்ல.

வேலைல விஷம் படறவங்களுக்கு செடிச்சத்து மாத்திரை குடுத்தா காப்பாத்தலாமேங்கற உங்க யோசனை இருக்கே, அதை ஏற்கனவே பெரிய அளவுல சோதிச்சு பார்த்தாச்சு, லிவர்ல இல்ல, நுரையீரல்ல. அமெரிக்கால கேரட்னு பேர் வெச்ச ஆய்வு, புகைபிடிக்கறவங்க, விட்டவங்க, ஆஸ்பெஸ்டாஸ் தூசில வேலை பார்த்த தொழிலாளர்கள்னு 18,314 பேர். பாதி பேருக்கு வைட்டமின் ஏவோட பீட்டா கரோட்டின், அதாவது காய்கறிக்கு ஆரஞ்சு நிறம் குடுக்கற அதே பொருள். எல்லாரும் கேன்சர் குறையும்னு நம்பினாங்க. மாத்திரை போட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 28 சதவீதம் அதிகமா வந்தது, சாவும் 17 சதவீதம் அதிகம், 1996ல ஆய்வை பாதிலயே நிறுத்திட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஃபின்லாந்துல 29,000 சொச்சம் புகைபிடிக்கற ஆண்கள்கிட்ட பண்ண ஆய்வுலயும் பீட்டா கரோட்டின் போட்டவங்களுக்கு 18 சதவீதம் அதிகம்னுதான் வந்திருந்தது. சாப்பாட்டுல இருக்கறப்ப நல்லதா தெரியற ஒரு பொருள், ஏற்கனவே விஷம் பட்டுக்கிட்டு இருக்கற உடம்புல மொத்தமா கொட்டறப்ப எப்படி நடந்துக்கும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியலை. லிவருக்கு நல்ல ரிசல்ட் வந்ததும் உண்டு, சர்க்கரை இல்லாத ஃபேட்டி லிவர் நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ தினம் 800 யூனிட், 96 வாரம், 2010ல வந்த ஆய்வு. பயாப்ஸில முன்னேற்றம் 43 சதவீதம் பேருக்கு, டம்மி மாத்திரைல 19 சதவீதம். ஆனா வேற ஒரு ஆய்வுல அதே வைட்டமின் ஈ 400 யூனிட் போட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் கூடுச்சு. அதனால எந்த நோய்க்கு, யாருக்கு, எவ்வளவு நாள்னு பார்த்து டாக்டர் எழுதிக் குடுக்கவேண்டிய பொருள் அது.

உங்க மூணு கேப்ஸ்யூல்

"போடலைன்னா 300 ஆகியிருக்கும்"ங்கற கணக்கை தயவு செஞ்சு விட்டுடுங்க. உங்க ரிப்போர்ட் சொல்றது 98ல கேப்ஸ்யூல் ஆரம்பிச்சீங்க, இப்ப 152, அவ்வளவுதான். ஏறினதுக்கு சால்வென்ட் காரணமா இருக்கலாம், கேப்ஸ்யூலே காரணமா இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

கேப்ஸ்யூல் எப்படின்னு அதிர்ச்சியா இருக்கும். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்ல ஈஜிசிஜினு ஒரு கேட்டசின் இருக்கு, சப்ளிமென்ட் வழியா தினம் 800 மில்லிகிராம் இல்ல அதுக்கு மேல போனா லிவர் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல சொல்லிடுச்சு. கப்ல ஊத்தி குடிக்கற கிரீன் டீயை சொல்லலை, கெட்டியாக்கின எக்ஸ்ட்ராக்டை சொல்றேன். உங்க டப்பா ஃபோட்டோல ஈஜிசிஜி எவ்வளவுன்னே போடலை, "எக்ஸ்ட்ராக்ட் 1000 மில்லிகிராம்"னு மட்டும் இருக்கு, அதுல எவ்வளவு ஈஜிசிஜின்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. குர்குமின் தனியா வாய்ல போட்டா ரத்தத்துல ரொம்ப கம்மியாத்தான் ஏறும், அதனாலதான் அது ரொம்ப காலம் சாதுவா இருந்தது. பைப்பரின் சேர்த்தா பல மடங்கு உறிஞ்சப்படுதுன்னு 1998ல ஒரு ஆய்வு வந்தது, கம்பெனிகள் பைப்பரினை சேர்க்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் மஞ்சள் சப்ளிமென்ட்டால லிவர் வீங்கின கேஸ்கள் அமெரிக்காலயும் இத்தாலிலயும் வர ஆரம்பிச்சது. மஞ்சள், கிரீன் டீ ரெண்டு பாதிப்புலயும் ஒரே மரபணு வகை உள்ளவங்க அதிகமா மாட்டறாங்கன்னும் தெரிஞ்சிருக்கு, அந்த மரபணு உங்களுக்கு இருக்கா இல்லையான்னு டப்பா மேல எழுதியிருக்காது. சமையல்ல சேர்ற மஞ்சள் பத்தி பயப்பட ஒண்ணும் இல்ல.

மூணுல சாது சிலிமாரின்தான், வயித்துக் கோளாறு, எப்பவாவது அலர்ஜி, அதுக்கு மேல பெருசா புகார் இல்ல. இருந்தாலும் அதையும் நிறுத்துங்க. எதனால எஸ்ஜிபிடி ஏறுதுன்னு கண்டுபிடிக்கணும்னா களத்துல ஆள் கம்மியா இருக்கணும்.

இந்த வாரமும் அடுத்த ரெண்டு மாசமும்

மூணு கேப்ஸ்யூலையும் இன்னிக்கே நிறுத்துங்க, டப்பாவை தூக்கிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட கொண்டு போங்க. மது சொட்டுகூட வேண்டாம். பாராசிட்டமால் தினம் ஒரு கிராம்ங்கறது பெரியவங்களுக்கு நாலு கிராம் உச்ச வரம்புக்கு ரொம்ப கீழ, அதனால அது மட்டுமே 152க்கு காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அதுவும் டிஎம்எஃபும் ஒரே குளுட்டாதயோன் கையிருப்புலேர்ந்துதான் செலவு பண்ணுது. தலைவலியை மாத்திரையால அமுக்கறதும் ஆவி எவ்வளவு இழுக்கறீங்கன்னு சொல்ற அலாரத்தை ஆஃப் பண்றதும் ஒண்ணுதான்.

ஒரு முக்கியமான டெஸ்ட், இதை வேலைல இருக்கறப்பவே எடுத்துடுங்க. ஷிஃப்ட் முடியற நேரத்துல சிறுநீர் பிடிச்சு அதுல, டிஎம்எஃப் உடம்புல மாறி வர்ற என்-மெத்தில்ஃபார்மமைடு எவ்வளவு இருக்குன்னு பாக்கற டெஸ்ட். தோல் வழியா போனது, மூச்சு வழியா போனது எல்லாம் சேர்ந்து அதுல தெரியும், ரூம் காத்தை அளக்கறதைவிட இது உங்களைப் பத்தி நேரா சொல்லும். ரெண்டு மூணு நாள் லீவு போட்டுட்டு போய் குடுத்தீங்கன்னா எல்லாம் வெளியேறி சுத்தமா வரும், அப்புறம் "உனக்கு ஒண்ணுமே இல்லையே"ன்னு பேப்பரை காட்டிடுவாங்க. சாதாரண லேப்ல இருக்காது, தொழில்சார் மருத்துவம் படிச்ச டாக்டர் மூலமா போகணும்.

ரத்தத்துல எஸ்ஜிபிடி மட்டும் திரும்ப எடுத்தா போதாது. எஸ்ஜிஓடி, ஜிஜிடி, பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையற நேரம், ஹெபடைடிஸ் பி, சி, மூணு மாச சர்க்கரை அளவு, கொழுப்பு, தேவைப்பட்டா ஆட்டோஇம்யூன் டெஸ்ட்டும், லிவர் எவ்வளவு விறைச்சிருக்குன்னு அளக்கற ஃபைப்ரோஸ்கேனும். கனமான டிரம் தூக்கறீங்க, ஜிம்முக்கும் போறீங்கன்னு எழுதியிருக்கீங்க, தசைலேர்ந்தும் இந்த என்சைம் வரும், அதனால தசை பாதிப்பை காட்டற சிகே டெஸ்ட் ஒண்ணு சேர்த்துக்கோங்க, ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஜிம் வேண்டாம். ஸ்கேன்ல வந்த ஃபேட்டி லிவரை வெச்சு "எல்லாம் கொழுப்புனால"ன்னு யாராவது முடிச்சா ஏத்துக்காதீங்க. உலகத்துல பத்து பேர்ல சுமார் மூணு பேருக்கு அது இருக்கு, அதனால உங்களுக்கும் இருக்கறதுல ஆச்சரியம் இல்ல, ஆனா பேக்கிங்ல இருந்தப்ப 44ஆ இருந்தது செக்ஷன் மாறின அஞ்சு மாசத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஆனதை அது மட்டும் விளக்காது.

சால்வென்ட்லேர்ந்து விலகியிருக்கறப்ப ரெண்டு வாரம், நாலு வாரம், எட்டு வாரம்னு திரும்ப டெஸ்ட். இறங்கினா காரணம் கிடைச்சுடுச்சு. கேப்ஸ்யூலையும் சால்வென்ட்டையும் ஒரே நேரத்துல நிறுத்தினா எது குற்றவாளின்னு எப்படி தெரியும்னு கேக்கலாம், சரியான கேள்விதான், ஆனா தெரிஞ்சுக்கறதுக்காக ஒண்ணை விட்டு வைக்கற அளவுக்கு 152ல நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். சிறுநீர் டெஸ்ட் சால்வென்ட் பக்கத்தை சொல்லிடும். கேப்ஸ்யூலை சோதிக்கறதுக்காக திரும்ப ஆரம்பிக்கறது மட்டும் கூடவே கூடாது, ஒரு பொருளால லிவர் பாதிச்சு திரும்ப அதையே போட்டா ரெண்டாவது தடவை வேகமா, மோசமா வரலாம்.

கண்ணு மஞ்சளாறது, சிறுநீர் டீ கலர்ல போறது, விடாத வாந்தி, உடம்பு அரிப்பு, தூக்கக் கலக்கம் மாதிரி குழப்பம், இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பாக்காம நேரா எமர்ஜென்சி. எஸ்ஜிபிடி நார்மல் உச்ச வரம்பைப் போல மூணு மடங்குக்கு மேல இருக்கறப்ப பிலிருபினும் அதோட வரம்பைப் போல ரெண்டு மடங்கு தாண்டினா, மருந்தால வர்ற லிவர் பாதிப்புல பத்துல ஒருத்தர் இறக்கற அளவு ஆபத்துன்னு லிவர் டாக்டர்கள் வெச்சிருக்கற பழைய கணக்கு. உங்க எஸ்ஜிபிடி அந்த மூணு மடங்கை தாண்டிடுச்சு, பிலிருபின் மட்டும்தான் இன்னும் நார்மல்.

கம்பெனில சொல்றதா, வேண்டாமா

சொல்லணும். எப்படி சொல்றதுங்கறதுலதான் விஷயம் இருக்கு. ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற, அதனால பொதுவா இருக்கறதை சொல்றேன். டிஎம்எஃபோட பாதுகாப்பு விவரத்தாள், எஸ்டிஎஸ்னு சொல்லுவாங்க, 16 பகுதி இருக்கும், அதை கேட்டு வாங்குங்க. 8வது பகுதில எந்த கிளவுஸ், எந்த மாஸ்க், காத்துல எவ்வளவு வரைக்கும் அனுமதின்னு இருக்கும், 11வது பகுதில உடம்புக்கு என்ன பண்ணும்னு இருக்கும். லிவர் பாதிப்புன்னு அதுலயே அச்சடிச்சிருக்கறப்ப நீங்க புதுசா எதையும் கண்டுபிடிச்சு குற்றம் சொல்றதா ஆகாது. இந்த கெமிக்கல் வயித்துல இருக்கற குழந்தைக்கும் ஆபத்துன்னு வகைப்படுத்தப்பட்டது, உங்க செக்ஷன்ல பெண்கள் வேலை செய்யறாங்கன்னா அவங்களுக்கும் அந்த தாளை காட்டுங்க.

சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1990ஆம் வருஷத்து ரசாயன உடன்பாடு, எண் 170, அதுல 18வது பிரிவு ரெண்டு உரிமையை சொல்லுது: கையாளற கெமிக்கல் என்ன, அதோட ஆபத்து என்னன்னு தெரிஞ்சுக்கற உரிமை, உடனடியான பெரிய ஆபத்துன்னு நியாயமான காரணம் இருந்தா மேற்பார்வையாளர்கிட்ட சொல்லிட்டு விலகிக்கற உரிமை. எல்லா நாடும் அதுல கையெழுத்து போடலை, இருந்தாலும் இதே மாதிரி விதி பல நாட்டு சட்டத்துல இருக்கு, உங்க நாட்டு தொழிலாளர் துறையிலயோ சங்கத்துலயோ கேட்டுக்கோங்க. அந்த ரெண்டாவது உரிமையை நம்பி நாளைக்கே லைனை விட்டு நடந்துடாதீங்க, மாசக்கணக்குல மெதுவா சேர்ற பாதிப்பை "உடனடி ஆபத்து"ன்னு எல்லா இடத்துலயும் ஏத்துக்க மாட்டாங்க. டாக்டர் லெட்டரோட எழுத்துல செக்ஷன் மாத்தம் கேளுங்க, தேதி போட்டு, காப்பி வெச்சுக்கிட்டு. முழு ரிப்போர்ட்டை நீட்டணும்னு அவசியம் இல்ல, "சால்வென்ட் படற வேலை தற்காலிகமா கூடாது"ங்கற அளவுக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் போதும். தொழில் நோய் இழப்பீட்டுக்கு நிறைய இடத்துல கால வரம்பு இருக்கும், அதுக்காகவாவது சிறுநீர் ரிசல்ட்டும் பழைய 44 ரிப்போர்ட்டும் பத்திரமா இருக்கணும், அந்த 44தான் உங்ககிட்ட இருக்கறதுலயே பலமான பேப்பர்.

அலவன்ஸ் போயிடுமேன்னு எழுதினதை நான் சாதாரணமா எடுத்துக்கலை. ஆனா மிக்சிங்குக்கு திரும்பவே முடியாதுன்னும் நான் சொல்லலை. மூடின டேங்க், ஆவியை உறிஞ்சற எக்ஸாஸ்ட், பியூட்டைல் கிளவுஸ், பொருத்தமான ரெஸ்பிரேட்டர், தொடர்ந்து சிறுநீர் டெஸ்ட், இதெல்லாம் வந்து உங்க நம்பரும் இறங்கி அங்கயே நின்னா டாக்டர் திரும்ப யோசிக்கலாம். எதுவுமே மாறாத மிக்சிங் ரூமுக்கு, எந்த மாத்திரை கையில இருந்தாலும், என்னால சரின்னு சொல்ல முடியாது. உங்ககூட வேலை பாக்கறவருக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டிருக்கீங்க. அவர் டெஸ்ட் எடுத்திருக்காரா? எஸ்ஜிபிடி 152ல உங்களுக்கும்தான் வயித்துல ஒண்ணும் தெரியலை.

கடைசியா காபி பத்தி கேட்டிருந்தீங்க, அதுவும் செடிதானேன்னு. காபி குடிக்கறவங்களுக்கு சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறி இறுகிப்போறது, கம்மியா வருதுன்னு நிறைய நாடுகள்ல பெரிய கணக்கெடுப்புகள் காட்டுது, அது காபினாலயா இல்ல காபி குடிக்கற ஆட்களோட மத்த பழக்கத்தாலயான்னு முழுசா பிரிக்க முடியாத வகை ஆய்வுகள். புடிச்சா குடிங்க, மருந்தா நினைச்சு குடிக்க வேண்டாம். எங்க வெச்சு குடிக்கறீங்கங்கறதுதான் எனக்கு கவலை, பிரேக்ல மிக்சிங் டேபிள்லயே கப்பை வெச்சுக்கறேன்னு எழுதியிருக்கீங்க. கிளவுஸை கழட்டி, சோப்பு போட்டு கை கழுவிட்டு, அந்த ரூமை விட்டு வெளிய வந்து குடிங்க.